நந்திக்கடற் சேற்றில் துருவத்துப் பறவைகள்

சோளகக் காற்று ஓய்வதற்கு முன்னரே, ஓகஸ்ட் மாதமளவில், முல்லைத்தீவின் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளின் வற்றிய சேற்றுக்கரைகளிலும், கிளிநொச்சி மாவட்டத்தின் வடகிழக்கு விளிம்பிலுள்ள சுண்டிக்குளத்திலும், ஆனையிறவு உப்பளத்தை அண்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பிலும் வந்திறங்கத் தொடங்கும் வளைமூக்கு உள்ளான் என்னும் சிறு பறவை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் பெருங்கடலின் கரையோரத்தில், அடைகாத்துக்கொண்டிருந்த பறவையாகும். ஒரு கோழிமுட்டையின் எடையே உள்ள இப்பறவை, 7,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வான்வழியைக் கடந்து இங்கு வருகிறது. துந்த்ரா எனப்படும் அதன் பிறப்பிடம் மரம் வளராத நிலம். அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்க, மேல்மண் மட்டும் கோடையின் சில வாரங்களில் இளகிப் பாசியும் புல்லும் பூச்சிகளும் பெருகும் அந்தக் குறுகிய காலத்துக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு அது தெற்கே திரும்புகிறது. ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களையே அது துருவத்தில் கழிக்கிறது. எஞ்சிய காலத்தைப் பயண வழியிலும் வன்னியைப் போன்ற வெப்பநாட்டுக் கரைகளிலும் கழிக்கிறது. நாட்களை எண்ணிப் பார்த்தால், சைபீரியாவை விட நந்திக்கடலே அதற்கு நெடுநாள் வீடு.

இது தனியொரு பறவையின் கதையன்று. இருபது, முப்பது கிராம் மட்டுமே எடையுள்ள சிறு உள்ளான், பொன்னிற உப்புக்கொத்தி, சாம்பல் உப்புக்கொத்தி, கரையோரக் கற்களையும் சிப்பிகளையும் புரட்டி இரைதேடும் கல்திருப்பி உள்ளான் ஆகியனவும் துருவ வட்டத்தை அண்டியோ அதற்கு அப்பாலோ இனம்பெருக்கி, மத்திய ஆசிய வான்வழி என்று அறிஞர்கள் பெயரிட்டுள்ள பாதையால் இலங்கைக்கு வருபவை. இலங்கையின் தென்முனைக்கு அப்பால் அந்தாட்டிக்கா வரை தரையே இல்லையாதலால், இந்தப் பாதையில் வரும் பல பறவைகளுக்கு இத்தீவு வழித்தங்கலன்று, பயணத்தின் முடிவிடம். வவுனியாவின் உட்குளங்களிலும், காலபோக நெல் அறுவடைக்குப் பின் ஈரம் காயாத வயல்களிலும் திரியும் உள்ளான்களுள் சிலவும் சைபீரியக் காட்டுச் சதுப்புகளிலிருந்து வந்தவையே.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கொக்கிளாய் 1951இல் சரணாலயமாயிற்று. இவ்விடங்களுக்குக் கமராவுடன் வருவோர் பெரும்பாலும் தேடுவது பூநாரைகளை. இளஞ்சிவப்புச் சிறகும் நெடுங்கால்களும் கொண்டு ஆயிரக்கணக்கில் நிற்கும் அப்பறவைகள் கண்ணைக் கவர்வதில் வியப்பில்லை. ஆனால் பூநாரை துருவத்துப் பறவையன்று. அதன் கால்களுக்கிடையே, சேற்றின் நிறத்திலேயே குனிந்து ஓடும் சாம்பற் குருவிகளே பனிநாட்டின் செய்தியைச் சுமந்து வந்தவை. படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்து, பின்னர் அழகுக்காக வெட்டி நீக்கப்படுபவையும் அவையே. இந்த அலட்சியம் ஓர் இழப்பு. ஏன் இழப்பு என்பதை விளங்கிக்கொள்ள, அவை புறப்பட்டு வந்த நாட்டில் நடப்பதை அறிதல் வேண்டும்.

1979ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆர்க்டிக் பிரதேசம், உலகின் சராசரி வெப்ப உயர்வைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவில் வெப்பமடைந்து வந்துள்ளதாக 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்புகிறது. அது உருகியதும் வெளிப்படும் கருங்கடலும் கருநிலமும் அதே வெயிலை உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சிய வெப்பம் அடுத்திருக்கும் பனியையும் உருக்குகிறது. கோடை முடிவில், செப்டெம்பர் மாதத்தில், ஆர்க்டிக் கடலில் எஞ்சியிருக்கும் பனியின் பரப்பு 1980களில் ஏறத்தாழ 70 இலட்சம் சதுர கிலோமீற்றராக இருந்தது; 2012இல் அது 34 இலட்சமாகக் குறுகியது. உள்ளான்கள் கடற்பனிமீது வாழ்வதில்லை என்பது உண்மையே. எனினும் கடல் வெப்பமடையும்போது அதன் கரையிலுள்ள துந்த்ராவின் பனியும் முந்தி உருகுகிறது. பனி முந்தி உருகினால் பூச்சிகள் முந்திப் பெருகுகின்றன. ஆனால் தொலைதூரத்திலிருந்து வந்து கூடுகட்டும் பறவை தன் நாட்காட்டியை அதே வேகத்தில் மாற்றிக்கொள்வதில்லை. குஞ்சு பொரித்து வெளிவரும்போது இரையின் உச்சகாலம் கடந்திருக்கும்.

இதன் விளைவை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று 2016இல் சயன்ஸ் இதழில் வெளியாயிற்று. சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் பிறந்து மேற்கு ஆபிரிக்காவின் மொரித்தானியக் கரைக்குச் செல்லும் ஓர் உள்ளான் இனத்தை ஆராய்ந்த நெதர்லாந்து நாட்டவரான யான் வான் கில்சும் அவருடைய குழுவினரும், பனி முந்தி உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்தும் அலகு குறுகியும் வளர்ந்தமையைக் கண்டனர். குளிர்கால இருப்பிடத்தில் அவற்றின் சிறந்த இரையான சிப்பி மணலுக்குள் ஆழத்தில் புதைந்திருப்பதால், குறுகிய அலகால் அதை எட்ட இயலாமல் அவற்றுள் பல முதலாண்டிலேயே மடிந்தன. சைபீரியாவில் நேர்ந்த பிழைக்குப் பறவை செலுத்தும் விலை ஆபிரிக்காவின் வெயிற்கரையில் தெரிந்தது. அதே தைமிரிலிருந்து வன்னிக்கு வரும் வளைமூக்கு உள்ளானை, 2024 ஒக்டோபரில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்த்தது. சாம்பல் உப்புக்கொத்தியும் அதே நாளில் அவ்வரிசைக்குத் தள்ளப்பட்டது.

பனிநாட்டை ஒளிப்படத்தால் ஆவணமாக்கும் மரபு நூறாண்டுக்கு மேற்பட்டது. கப்டன் ஸ்கொட்டின் தென்துருவப் பயணத்தில் 1910இல் இணைந்த ஹேர்பட் பொன்டிங், பனிமலைக் குகையொன்றின் உள்ளிருந்து தம் கப்பலைப் படமாக்கிய காலத்தில், படச்சுருளுக்கு மாற்றாகக் கனத்த கண்ணாடித் தகடுகளே பெரிதும் வழக்கிலிருந்தன. 1915இல், மற்றொரு தென்துருவப் பயணத்தின் தலைவரான ஷாக்கில்ட்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கியபோது, படப்பிடிப்பாளர் பிராங்க் ஹேர்லி மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் உறைநீருக்குள் இறங்கித் தகடுகளை மீட்டார். அவற்றை எல்லாம் சுமந்து பனிமீது நடக்க வழியில்லாமையால், ஷாக்கில்ட்டனும் அவரும் பனிமேல் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து, ஏறத்தாழ 120ஐ வைத்துக்கொண்டு, மீண்டும் எடுக்கவேண்டும் என்ற எண்ணமே எழாதபடி 400 அளவிலான தகடுகளை அவ்விடத்திலேயே உடைத்தனர். எதை எடுத்துச்செல்வது, எதை விட்டுச்செல்வது என்று ஒளிப்படங்களின் முன் அமர்ந்து தீர்மானிக்க நேர்ந்த நிலை எத்தகையது என்பதை, திருமண அல்பத்தைப் பொலித்தீன் பைக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்களுக்கு விளக்கவேண்டிய தேவையில்லை.

அன்று எடுக்கப்பட்ட படங்கள் அழகுக்காகவும் வீரத்தின் சான்றாகவும் எடுக்கப்பட்டவை. அவற்றின் வேறொரு பயன் பின்னரே தெரிந்தது. 1921இல் மலையேறி ஜோர்ஜ் மலோரி எவரெஸ்டின் வடபுறத்து ரொங்புக் பனியாற்றை ஓர் இடத்தில் நின்று படமெடுத்தார். 2007இல் மலையேறி டேவிட் பிரெஷியர்ஸ் அதே இடத்தைத் தேடிக் கண்டு, அதே கோணத்தில் மறுபடியும் படமெடுத்தார். இரு படங்களையும் அருகருகே வைத்தபோது, இடைப்பட்ட காலத்தில் பனியாற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 100 மீற்றர் தாழ்ந்திருந்தமை எவர் கண்ணுக்கும் புலப்பட்டது. மறுபடப்பிடிப்பு எனப்படும் இம்முறையின் விதி எளியது: இடம் மாறக்கூடாது, கோணம் மாறக்கூடாது, நாள் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். 2007இல் ஒளிப்படக்கலைஞர் ஜேம்ஸ் பேலொக் தொடங்கிய திட்டம், கிறீன்லாந்து, ஐஸ்லாந்து முதலிய இடங்களின் பாறைகளில் தானியங்கிக் கமராக்களைப் பொருத்தி, பகலொளியில் குறித்த இடைவெளிதோறும் ஒரே காட்சியை எடுத்துக்கொண்டேயிருக்குமாறு அதே விதியை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அத்திட்டத்தைச் சேர்ந்த இருவர் 2008இல் கிறீன்லாந்தின் இலுலிசாற்றில் வாரக்கணக்கில் காத்திருந்து, 75 நிமிட நேரத்தில் 7 கன கிலோமீற்றருக்கு மேற்பட்ட பனி உடைந்து கடலில் சரிந்ததைப் படம்பிடித்தனர். வியக்கவைக்கும் காட்சிதான். ஆயினும், உலகுக்கு அதிகம் பயன்பட்டவை, ஒன்றுமே நிகழாததுபோலத் தோன்றிய ஆயிரமாயிரம் அன்றாடப் படங்களே. அவற்றைத் தொடுத்துப் பார்த்தபோதுதான் பனியாறு பின்வாங்குவது தெரிந்தது.

இந்த விதி வன்னிக் களப்புக்கும் பொருந்தும் என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. களப்பில் நிற்கும் ஓர் உள்ளானின் தெளிவான படம், அது அவ்வாண்டில் பிறந்ததா இல்லையா என்பதைச் சொல்லவல்லது. செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபரிலோ எடுக்கப்பட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவ்வாண்டுக் குஞ்சின் முதுகிறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிறிய மெல்லிய கரையிருப்பதால் முதுகு முழுவதும் மீன்செதிள் அடுக்கியது போலத் தோன்றும். மார்பில் மங்கலான மஞ்சட்பழுப்பு படர்ந்திருக்கும். எல்லா இறகும் ஒரே காலத்தில் முளைத்தவையாதலால் தேய்வின்றிப் புதிதாயிருக்கும். முதிர்ந்த பறவையிலோ இறகுகள் பழையனவும் புதியனவும் கலந்து, கோடையில் பூண்டிருந்த செங்கல் நிறம் வயிற்றில் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கும். நூறு பறவைகள் கொண்ட கூட்டத்தில் செதிள்முதுகு எத்தனை, சாம்பல்முதுகு எத்தனை என்று படத்தைப் பார்த்தே எண்ணலாம்.

அந்த எண்ணிக்கை சொல்வது சைபீரியாவின் கதையை. துந்த்ராவில் லெமிங் எனப்படும், எலியை ஒத்த கொறிவிலங்கு சில ஆண்டுகளில் மிகப் பெருகியும் அடுத்து வரும் ஆண்டுகளில் அருகியும் காணப்படும். லெமிங் மிகுந்த ஆண்டில் துருவநரி அதையே தின்று வயிறு நிறைக்கிறது. அது அருகிய ஆண்டில் தரைமீதுள்ள பறவைக் கூடுகளைத் தேடி முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது. ஆகவே நல்ல லெமிங் ஆண்டுக்குப் பின் தெற்கே வரும் கூட்டங்களில் இளம்பறவைகள் மலிந்திருக்கும்; கெட்ட ஆண்டுக்குப் பின் அவை அரிதாகவே தென்படும். குளிர்காலத்தில் பனிப்போர்வைக்கு அடியில் வளை அமைத்து வாழும் லெமிங்குக்குத் தளர்வான, ஆழ்ந்த பனி வேண்டும். அக்குளிர்காலத்தில் இடையிடையே மழை பெய்து அது மறுபடியும் உறையுமாயின் நிலத்தின்மேல் பனிக்கட்டித் தகடு படிந்து, புல்லை எட்டவியலாமல் அவ்விலங்கு பட்டினி கிடக்கிறது. இவ்வாறு சைபீரியப் பனியின் தன்மை லெமிங்கையும், லெமிங் நரியையும், நரி கூட்டையும், கூடு ஒக்டோபரில் நந்திக்கடலில் இறங்கும் கூட்டத்தின் அமைப்பையும் ஆள்கின்றன. வட்டுவாகல் பாலத்தடியில் நிற்கும் கூட்டத்தை ஆண்டுதோறும் ஒரே வாரத்தில், ஒரே இடத்திலிருந்து படமெடுத்து வைத்திருக்கும் ஒருவரிடம், தாம் ஒருநாளும் காணாத பனிநிலத்தின் வரலாறு சேர்ந்துகொண்டே வரும்.

இத்தொடர்பு கற்பனையன்று என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழு, மன்னாரில் பிடித்த கடற்காகங்களின் முதுகில் செய்மதிவழி இருப்பிடம் காட்டும் சிறு கருவிகளைப் பொருத்தி 2021இல் பறக்கவிட்டபோது, அவை இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியை அடைந்தமை பதிவாயிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடியக்கரையிலும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கரைப்பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்து வருகிறது. கருவியும் வளையமும் வல்லுநர் கையில் இருக்கவேண்டியவை. கமராவோ எவர் கையிலும் இருக்கலாம்.

படமெடுக்கும் நுட்பத்திலும் பனிநாட்டுக்கும் களப்புக்கும் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று காணப்படுகிறது. கமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி சராசரிச் சாம்பல் நிறமுடையது என்று கருதியே ஒளியின் அளவைத் தீர்மானிக்கிறது. எனவே வெண்பனியைக் கண்டதும் ஒளி மிகையென்று எண்ணி அதைக் குறைத்துவிட, படத்தில் பனி அழுக்குச் சாம்பலாக விழுகிறது. துருவத்தில் படமெடுப்போர் ஒளியளவை வேண்டுமென்றே ஒன்று அல்லது இரண்டு படி கூட்டி வைப்பதன் காரணம் இதுவே. உப்புப் பூத்த ஆனையிறவுத் தரவையிலும் நண்பகல் வெயிலில் கண்கூசும் முல்லைத்தீவு வெண்மணலிலும் அதே பிழை நேர்ந்து, பறவை கரிக்கட்டியாக விழுமாயின், அதே திருத்தம் பயன்படும். கானலுக்கோ திருத்தமே இல்லை. சூடேறிய சேற்றிலிருந்து எழும் காற்று அலைவதால், காலை எட்டு மணிக்குப் பின்னர் எவ்வளவு விலையுயர்ந்த வில்லையைக் கொண்டும் தொலைவிலுள்ள பறவையின் இறகுக்கரையைத் தெளிவாக எடுக்கவியலாது. விடியற்காலையே உகந்த பொழுது.

படமெடுப்பவரின் கடமை நுட்பத்தோடு முடிவதில்லை. 2017இல் கனடாவின் வடபகுதியில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய ஒரு பனிக்கரடியின் காணொளி உலகெங்கும் பரவியது. காலநிலை மாற்றத்தின் முகம் இதுவே என்ற பொருள்படும் வாசகத்துடன் நஷனல் ஜியோகிரபிக் அதை வெளியிட்டது; குறித்த அந்தக் கரடி எதனால் மெலிந்தது என்பதை உறுதியாகக் கூறவியலாதென்றும் தாம் எல்லை மீறிவிட்டதாகவும் மறுவருடமே அது ஒப்புக்கொண்டது. பனி குறைவதால் கரடிகள் நலிகின்றன என்பது உண்மை. ஆனால் ஒரு விலங்கின் ஒரு கணத்தைக் காட்டி அவ்வுண்மையை நிறுவ முயன்றமை, ஐயுறுவோர் கைக்கு ஆயுதம் கொடுத்ததாகவே முடிந்தது. இறந்து ஒதுங்கிய ஒரு பறவையின் படத்தையோ, ஓர் ஆண்டு வெறுமையாகக் கிடந்த கரையின் படத்தையோ வெளியிடுவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். காலபோக மழை மிகுந்து இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆறு சுண்டிக்குளத்தை நிரப்பும் ஆண்டில், உள்ளானின் குட்டைக்கால் எட்டாத ஆழத்துக்கு நீர் உயர்ந்துவிடுவதால் அவை வேறு கரைக்குப் போய்விடும். கரை வெறுமையாயிருப்பதற்குத் துருவம் காரணமாயிராது.

நெருங்கிச் செல்வது இன்னொரு தீங்கு. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் பனிக்கரடியிடமிருந்து 300 மீற்றரும், மார்ச் முதல் யூன் வரை 500 மீற்றரும் விலகியிருக்கவேண்டும் என்ற சட்டம் 2025 முதல் நடைமுறையில் உள்ளது. களப்புக்கரையில் உள்ளானுக்காக அத்தகைய தூரத்தை அளந்து நிற்பார் எவருமில்லை. மோட்டார் சைக்கிளைச் சேற்று விளிம்புவரை ஓட்டிச்சென்று, கூட்டம் ஒன்றாக எழும் காட்சியை எடுப்பதற்காகக் கை தட்டுவதும், தலைக்குமேல் ட்ரோனைப் பறக்கவிடுவதும் வழக்கமாகி வருகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இப்பறவைகள் திரும்பும் பயணத்துக்காக இரவு பகலாக இரைதின்று உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு எரிகிறது. வீச்சுவலையுடன் நெடுநேரம் அசையாது நிற்கும் களப்புத் தொழிலாளியின் அருகே பறவைகள் அஞ்சாமல் இரைதேடுவதைக் காணலாம். படமெடுப்போர் கற்கவேண்டிய நிலை அதுவே. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடங்களிலும் படைமுகாம்களை அண்டிய கரைகளிலும் பாதையை விட்டு விலகாதிருக்கவேண்டும் என்பதை இம்மண்ணில் வாழ்வோர் அறிவர்; வெளியிலிருந்து வருவோருக்கு அது சொல்லப்படவேண்டும்.

மறுபடப்பிடிப்புக்கு முதற்படம் ஒன்று வேண்டும். வன்னிக்கு அது பெரும்பாலும் இல்லை. போர் நிகழ்ந்த ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகளில் தீவின் தென்பகுதிக் களப்புகளில் பறவைகள் எண்ணப்பட்டும் படமெடுக்கப்பட்டும் வந்தபோது, இங்கு எவரும் அப்பணியைத் தொடரக்கூடிய நிலை இருக்கவில்லை. 2009இல் நந்திக்கடற்கரையில் மக்கள் உயிரைத் தவிர வேறெதையும் காக்க இயலாதிருந்தனர். பழைய அல்பங்களில் தப்பியவற்றுள், கடற்கரையில் நிற்கும் குடும்பத்தின் பின்னணியில் களப்பின் நீர்மட்டமும் கண்டற்காட்டின் விளிம்பும் தெரியும் படமொன்று இருக்குமாயின், அதுவும் ஓர் ஆவணம். பின்புறத்தில் இடமும் ஆண்டும் எழுதப்பட்டுப் பிரதி எடுக்கப்படவேண்டும். அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் இத்தகைய படங்களைத் திரட்டிவைக்கத் தகுந்த இடங்களாகும். பாடசாலை மாணவர் கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்திலும் நாளும், இருப்பிட வசதி இயக்கப்பட்டிருந்தால் இடமும் தாமாகவே பதிவாகின்றன. அதை இணையத்தில் இயங்கும் ஈபேர்ட் போன்ற பறவைப் பதிவேட்டில் சேர்த்தால், சைபீரியாவில் இருக்கும் ஆய்வாளர் ஒருவரும் அதைக் காணலாம்.

ஏப்ரல் பிற்பகுதியில் முதிர்ந்த வளைமூக்கு உள்ளான்களின் சாம்பல் உடலில் செங்கல் நிறம் மார்பிலிருந்து வயிறுவரை இறங்கிப் பரவுகிறது. வடக்கே இணையைக் கவர்வதற்கான அந்த நிறம் சூரியன் சாயும் வேளையில் நீரில் சிவந்து தெரிய, ஒரு மாலையில் கூட்டம் எழுந்து உயர்ந்து வடக்கு நோக்கிச் சென்றுவிடும். ஆனால் கரை முற்றாக வெறுமையாவதில்லை. முந்திய ஆண்டு பிறந்த இளம்பறவைகளுள் பல, இனம்பெருக்கும் வயதை எட்டாமையால் பயணத்தைத் தொடங்காது, சாம்பல் நிறம் மாறாமலே தங்கிவிடுகின்றன. யூன் மாதத்தில், கச்சான் காற்றில் புழுதி எழ, களப்பு வற்றி வெடித்த சேற்றின் நடுவே எஞ்சிய சிறு குட்டையைச் சுற்றி அவை இரைதேடும்போது கமராவுடன் அங்கு வருவோர் மிகச் சிலர். அந்நாட்களில் நிற்கும் ஒவ்வொரு பறவையும் முந்திய கோடையில் துந்த்ராவில் தப்பிப்பிழைத்த குஞ்சாக இருக்கக்கூடும்.